பார்த்தால் கேட்கும் பாட்டு

எங்கள் போடியில் ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில், ரேஷன் கடை வரிசையில் பை கொண்டுவர மறந்த கருத்தப்பாண்டியை அவர் பெண்சாதி ஒச்சம்மாள் முறைத்துப் பார்க்க, அவரும் நிமிர்ந்து அவளைப் பார்க்க, அந்த இடத்தில் பாட்டு கேட்டது. வார்த்தை இல்லாத பாட்டு. இரண்டு பேர் தலைக்கும் ஒரு முழம் மேலே, வெறும் காற்றில், யாரோ பியானோவைத் தொட்டுத் தொட்டுப் போவதுபோல ஆரம்பித்து, பிறகு வயலினும் சேர்ந்துகொண்டது. வரிசையில் நின்ற எல்லோரும் அவரவர் போனை எடுத்துப் பார்த்தோம். ஒச்சம்மாள் வெட்கப்பட்டுக் கண்ணைத் திருப்பியதும் பாட்டு நின்றது. எடை போடுகிறவர், அடுத்த ஆள் வாங்க என்றார்.

ஒரு வாரத்துக்குள் இதன் சட்டதிட்டம் ஊருக்கே தெரிந்துவிட்டது. இரண்டு பேருக்கு ஒருவர்மேல் ஒருவருக்கு மெய்யாகவே ஆசை இருந்து, இருவர் கண்ணும் நேருக்கு நேர் பட்டால் பாட்டு கேட்கும். யாராவது ஒருவர் கண்ணை எடுத்தால் நின்றுவிடும். ஒருதலை ஆசைக்கு ஒன்றும் கேட்காது. ஏன் கேட்கிறது என்று விசாரித்தவர்கள் குறைவு, விசாரித்தவர்களும் மலைக்காற்று என்றோ செல்போன் டவர் என்றோ ஆளுக்கொன்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள்.

இதற்குக் கொஞ்சமும் ஆச்சரியப்படாத ஒரே ஆள் வேலுத்தாய் மதினி. அவள் பார்க்கிற நாடகங்களில் வருஷக்கணக்காக இதுதானே நடந்துகொண்டிருந்தது.

மதினியும் நானும் ஏலக்காய்க் குடோனில் காய் பொறுக்குகிறவர்கள். பச்சை தனி, வெடித்தது தனி, வெளுத்தது தனி என்று நாள் முழுக்கக் கையும் கண்ணும் தட்டிலேயே இருக்கவேண்டிய வேலை அது. ரேடியோ வைத்தால் முதலாளி திட்டுவார், பேசினால் திட்டமாட்டார். அதனால் மதினி பேசுவாள். வீட்டில் அவள் போனில் பார்த்த நாடகத்தை, ஆங்கில எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்து விளங்கிக்கொண்டதை, மறுநாள் குடோனில் ஒரு காட்சி விடாமல் சொல்லுவாள். எல்லாம் தாய்லாந்து, கொரியா, ஜப்பான், தைவான் நாடகங்கள். எல்லாவற்றிலும் ஆம்பளப் பையனும் ஆம்பளப் பையனும்தான் காதலிப்பார்கள். முதல் நாள் சொன்னபோது நாங்கள் வாயில் கை வைத்தோம். அந்த மாசம் முடிவதற்குள், நெட்டையன் சிகரெட்டை விட்டானா, குட்டைமுடிக்காரன் சாப்பிட்டானா என்று விசாரித்துக்கொண்டேதான் தட்டை எடுத்துக்கொண்டு உட்காருவோம். பெயர் எதுவும் எங்கள் வாயில் நுழையாது, அதனால் எல்லா நாடகத்திலும் உயரமானவன் நெட்டையன், மற்றவன் குட்டைமுடி.

மதினி கதையை மட்டும் சொல்லமாட்டாள், தீர்ப்பும் சொல்லுவாள். தாய்லாந்தில் எல்லாப் பயலும் இன்ஜினியரிங் படிக்கிறான், ஒருத்தனாவது வகுப்புக்குள் போய் நான் பார்க்கவில்லை என்பாள். மழையில் நனைந்தால் மறுநாளே ஒருத்தனுக்குக் காய்ச்சல் வந்தாகவேண்டும், மற்றவன் ஈரத்துணியால் துடைத்தாகவேண்டும், மாத்திரை என்ற ஒன்றே அந்த நாட்டில் கிடையாதா என்பாள். கொரியாக்காரன் எட்டே எபிசோடில் முடித்துவிட்டு, கடைசியில் தபால்தலை ஒட்டுகிற மாதிரி ஒரு முத்தத்தைக் காட்டி ஏமாற்றுகிறான். ஜப்பான்காரன் மன்னிப்புக் கேட்டுக் கேட்டே காதலிக்க மறந்துவிடுகிறான், ஆனால் அழுதால் நிஜமாக அழுகிறான். தைவானில் சாப்பாட்டைக் காட்டுவது மாதிரி வேறு எவனும் காட்டுவதில்லை, ஆனால் ஒரே வீட்டில் வளர்ந்த பயல்களைச் சேர்த்துவைப்பது சுத்தமாகப் பிடிக்கவில்லை. இடையில் வருகிற பொம்பளப் பிள்ளையை ஏன் எப்போதும் சூழ்ச்சிக்காரியாகவே காட்டவேண்டும், அவள் என்ன பாவம் செய்தாள்? பன்னிரண்டு எபிசோடு என்றால் பதினொன்றில் ஏன் பிரித்தே தீரவேண்டும்?

அம்மாக்கள் விஷயத்தில்தான் அவளுக்குக் கோபம் எல்லை மீறும். நாடகத்து அம்மா ஒன்று செத்துப்போயிருப்பாள், இல்லாவிட்டால் பதினொன்றாம் எபிசோடில் காரில் வந்து இறங்கி, மகன் காதலிக்கிற பையனைத் தனியாகக் கூப்பிட்டு, விலகிப்போ என்று சொல்லிவிட்டுப் போவாள். அப்படி ஒருத்தியைப் பற்றிச் சொன்ன அன்றைக்கு மதினி பொறுக்குவதையே நிறுத்திவிட்டாள். அந்தப் பையன் உன் பிள்ளைக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தானே, அந்த நன்றிகூட இல்லையா உனக்கு என்று, கடல் தாண்டி இருக்கிற அந்தப் பொம்பளையைப் பெற்றவள் வரைக்கும் இழுத்துத் திட்டினாள். நாங்களும் சேர்ந்து திட்டினோம்.

ஊரில் பாட்டு கேட்க ஆரம்பித்த பிறகு அதற்கும் ஒரு தீர்ப்புச் சொன்னாள். நாடகத்தில் பார்ப்பதற்கு முன்னாலேயே பாட்டைப் போட்டுவிடுகிறான், அது சோம்பேறித்தனம், நம்ம ஊரில் பார்த்த பிறகுதான் வருகிறது, இதை எடுக்கிறவன் விஷயம் தெரிந்தவன் என்றாள்.

ஊர் என்ன லேசுப்பட்டதா, பாட்டோடு வாழப் பழகிக்கொண்டது. கல்லூரிப் பிள்ளைகள் பஸ்ஸில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டார்கள், கண்ணாடி போட்டவர்களைத்தான் பெற்றவர்கள் முதலில் பிடித்தார்கள். ஓடிப்போன ஜோடி யாராவது ஸ்டேஷனுக்கு வந்தால் இன்ஸ்பெக்டர் இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பார்க்கச் சொல்லி, பாட்டு கேட்டால் பெற்றவர்களுக்கு டீ சொல்லி உட்காரவைத்துப் பேசினார், கேட்காவிட்டால் பிள்ளைகளுக்கு டீ சொன்னார். பலசரக்குக் கடைக்காரர் ஒருவருக்குத் தன் தம்பி பெண்சாதியைப் பார்க்கையில் பாட்டு கேட்டுவிட, தம்பி குடும்பம் கம்பத்துக்குக் குடிபோனது, யாரும் எதுவும் கேட்கவில்லை. புருஷன் பெண்சாதிகள் வெளியில் ஒருவரை ஒருவர் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். கேட்டால் வெட்கம், கேட்காவிட்டால் அதைவிட வெட்கம்.

கல்யாணத்தில்தான் சிக்கல் வந்தது. பெரியவர்கள் பார்த்து முடிக்கிற கல்யாணத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் அன்றைக்குத்தான் நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள், பாட்டு எங்கிருந்து வரும்? பாட்டு வராததை மண்டபமே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும். அதைவிட மோசம், பெண் கூட்டத்தில் நிற்கும் வேறு யாரையாவது தற்செயலாகப் பார்த்து, அங்கே வந்துவிட்டால்? தும்மலோ அபசகுனச் சொல்லோ தாலி கட்டும் நேரத்தில் காதில் விழாமல் இருக்கத்தானே கெட்டி மேளம். அதையே ஊர் நீட்டிக்கொண்டது. மாப்பிள்ளை மணையில் உட்கார்ந்ததிலிருந்து சாப்பிடப் போகும்வரை மேளம் நிற்கக்கூடாது என்று ஆயிற்று. நாதசுரக்காரர்களுக்கு மூச்சு வாங்கியது, தவில்காரர்களுக்குத் தோள் வலித்தது, அவர்கள் காட்டில் மழை.

அப்படி நாள் நட்சத்திரம் பார்த்து முன்கூட்டியே சொல்லிவைக்கவேண்டிய தவில்காரன் சோமாஸ்கந்தன். உத்தமபாளையத்துப் பையன், சோமு என்போம். மதினியின் மகன் தென்னரசு மைக் செட் வைத்திருந்தான். கல்யாண வீடுகளில் இவன் தவிலுக்கு முன்னால் மைக்கை வைப்பான், அவன் தட்டிக் காட்டுவான், இவன் இன்னும் கொஞ்சம் தள்ளிவைப்பான், அப்படிப் பழக்கம். கொஞ்ச நாளில் போடியில் கல்யாணம் இல்லாத நாளிலும் சோமு போடியில்தான் இருந்தான். தென்னரசு சிக்குன்குனியாவில் கை கால் முடங்கிக் கிடந்தபோது, மதினி குடோனுக்கு வந்துவிட, அவள் வீட்டுக்காரர் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஜீப்பில் மலை ஏறிவிட, சோமுதான் உடனிருந்து கஞ்சி வைத்து ஊட்டினான். தங்கமான பிள்ளை என்று மதினி எங்களிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

மறுவருஷம் கார்த்திகையில் தென்னரசுக்குச் சின்னமனூரில் பெண் பார்த்தார்கள். மோனிஷா, தேனியில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை, முகத்துக்கு நேரே பேசுகிற பிள்ளை. பெண் பார்க்கிற அன்றைக்குப் பாட்டு கேட்கவில்லை, யாருக்கும் கேட்பதில்லை, பின்னால் வரும் என்று இரண்டு வீட்டிலும் சொல்லிக்கொண்டார்கள். தென்னரசு உங்கள் இஷ்டம்மா என்றான். அவன் அம்மா பேச்சை மீறி வளர்ந்தவன் இல்லை. தையில் முகூர்த்தம் குறித்தார்கள்.

அதற்கப்புறம் ஒரு மத்தியானம், மதினி மறந்துவிட்டு வந்த சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு தென்னரசு பைக்கில் குடோனுக்கு வந்தான். பின்னால் சோமு. மதினி அன்றைக்குப் புது நாடகத்தில் பத்தாம் எபிசோடைச் சொல்லி முடித்திருந்தாள். வாசலில் சோமு இறங்கித் தூக்கை நீட்ட, தென்னரசு வாங்குவதற்குத் திரும்ப, இரண்டு பேரும் பார்த்துக்கொண்டார்கள். பாட்டு கேட்டது. குடோனுக்குள் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. நாங்கள் அதுவரை ஊரில் கேட்ட எதையும்விட நீளமான பாட்டு அது, ஏனென்றால் அவர்களுக்குக் கண்ணை எடுக்கத் தோன்றவில்லை.

மதினி காயைப் பொறுக்கிக்கொண்டே இருந்தாள். பச்சைக்குள் வெளுத்ததைப் போட்டாள், வெளுத்ததற்குள் பச்சையைப் போட்டாள். பிறகு சல்லடையை எடுத்து, சலிக்க ஒன்றுமில்லாத சல்லடையை, சத்தம் வருகிற மாதிரி ஆட்டினாள். எங்களில் ஒருத்தி இருமினாள், இன்னொருத்தி விலைவாசியைப் பற்றி ஆரம்பித்தாள். பையன்கள் தூக்கை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். எவளும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தாய்லாந்துப் பயல்களுக்காகக் கண்ணீர் விட்டவர்கள்தான் நாங்கள், ஆனால் இது பக்கத்துத் தெருப் பையன், சீர்வரிசைக்குப் பாத்திரம் பார்க்கப் போனதே நாங்கள்தான்.

மறுநாள் மதினி கதை சொல்லவில்லை. கேட்டதற்கு, அந்த நாடகம் சரியில்லை, பாதியில் விட்டுவிட்டேன் என்றாள். குடோனில் அன்றிலிருந்து காய் விழுகிற சத்தம்தான்.

கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பேக்கரிக்குப் போனாள். சோமுவை வரச்சொல்லியிருந்தாள். டீயும் பப்ஸும் வந்தன. எதைச் சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தெரியும், எத்தனை நாடகத்தில் கேட்டிருக்கிறேன். ஆனால் மதினி விலகிப்போ என்று சொல்லவில்லை. வேறு ஒரு கணக்கு வைத்திருந்தாள். சோமு கல்யாணத்துக்கே வராவிட்டால் ஊர் ஏனென்று கேட்கும். வந்து கூட்டத்தில் நின்றால் கண் போகும், பாட்டு வரும். மேளத்துக்கு அவனையே உட்காரவைத்துவிட்டால் கண் நாதசுரக்காரர்மேல் இருக்கும், தப்பித்தவறிப் பாட்டு வந்தாலும் அவன் அடிக்கிற அடியிலேயே அமுங்கிவிடும். தவில் சத்தத்தில் எதுவும் அமுங்கும் என்று நம்புகிற ஊர்க்காரிக்குத்தான் இப்படி ஒரு யோசனை வரும்.

"நீதான்யா வாசிக்கணும். வேற ஆள் வேண்டாம்," என்றாள்.

சோமு டீயைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஆடை கட்டிவிட்டது. "சரிங்கம்மா," என்றான். குடிக்காமலே எழுந்து போனான்.

திரும்பி வருகிற வழியில் என்னால் பொறுக்க முடியவில்லை. "மதினி, அந்தக் காருல வந்து இறங்குற அம்மாவே தேவலாமே. அவ போன்னு சொல்லிட்டுப் போயிட்டா. நீ வந்து அடின்னுல்ல சொல்ற," என்றேன்.

அவள் நடையை நிறுத்தவில்லை. "அந்தம்மாவுக்கு ஒரு காரும் ஒரு ஓட்டலும்தான்டி காட்டுனான். சொந்தக்காரன்னு ஒருத்தனைக் காட்டுனானா? பக்கத்து வீட்டைக் காட்டுனானா? எனக்கு ஊரு இருக்கு பேச்சி. கட்டிக்கிட்டா சரியாப் போயிரும்," என்றாள். அதை அவள் எனக்குச் சொல்லவில்லை, தனக்கே சொல்லிக்கொண்டாள்.

முகூர்த்தத்தன்று தென்னரசு தன் கல்யாணத்துக்கும் தானே மைக் கட்டினான். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஆம்பிளிஃபயரை மேடை ஓரத்தில் வைத்து, ஸ்பீக்கர் பெட்டிகளை மண்டபத்துக்குள் இரண்டும் வாசலில் இரண்டுமாக நிறுத்தி, தவிலுக்கு முன்னால் மைக்கை எப்போதும் வைக்கிற தூரத்தில் வைத்தான். சோமு தட்டிக் காட்டினான். இரண்டு பேரும் மைக்கைத்தான் பார்த்தார்கள். இதை ஒரு நாடகத்தில் வைத்திருந்தால் மதினியே, ரொம்ப ஓவர், எந்த ஊரில் இப்படி நடக்கும் என்று கழித்துக்கட்டியிருப்பாள்.

மேளம் ஆரம்பித்தது. தென்னரசு மணையில் உட்கார்ந்தான், மோனிஷா வந்து உட்கார்ந்தாள், ஐயர் மந்திரம் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை, தேங்காய்மேல் வைத்த தாலி தட்டோடு மண்டபத்தைச் சுற்றி வந்து, எல்லோரும் தொட்டுக் கும்பிட்டு, ஐயர் கைக்குப் போய், அங்கிருந்து தென்னரசு கைக்கு வந்தது. தாய்மாமன் ஆள்காட்டி விரலைத் தலைக்குமேல் ஆட்டிக் கெட்டி மேளம் என்று கத்தினார். சோமு அடித்தான். அப்படி ஒரு அடியை நான் கேட்டதில்லை. தரை அதிர்ந்தது, கைப்பிள்ளைகள் அழுதது வாய் திறந்திருப்பதை வைத்துத்தான் தெரிந்தது. அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு அடித்தான். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து தாடை வழியாகத் தவில்மேல் சொட்டிக்கொண்டிருந்தது. மணையில் தென்னரசு தாலியைப் பிடித்தபடி இருந்தான். கை மேலே போகவில்லை, கீழேயும் வரவில்லை. ஐயர் முழங்கையைத் தட்டினார். கை கொஞ்சம் மேலே போனது.

மதினி அட்சதையோடு நின்றிருந்தாள். மகனைப் பார்த்தாள், சோமுவைப் பார்த்தாள், மறுபடி மகனைப் பார்த்தாள். அட்சதையைப் பக்கத்தில் இருந்த யார் கையிலோ கொட்டிவிட்டு, மேடையைக் குறுக்கே கடந்து, குனிந்து, தவிலின் தோல்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள்.

கெட்டி மேளத்தை யாரும் நடுவில் நிறுத்துவதில்லை. நிறுத்தினால் என்ன ஆகும் என்றுகூட எங்களுக்குத் தெரியாது, ஏனென்றால் அப்படி ஒன்று நடந்ததே இல்லை. சோமுவின் விரல்கள் மதினியின் கைமேல் இரண்டு அடி விழுந்து நின்றன. நாதசுரம் கொஞ்ச தூரம் தனியாகப் போய், துணை இல்லாமல் ஓய்ந்தது. சோமு கண்ணைத் திறந்தான். திறந்த கண் நேரே மணைக்குப் போனது. தென்னரசு அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

பாட்டு கேட்டது. தவிலுக்கு முன்னால் இருந்த மைக் திறந்தே இருந்ததால், நாலு பெட்டியிலும் கேட்டது.

முதலில் அசைந்தது மோனிஷாதான். தென்னரசு கையிலிருந்த தாலியை மெதுவாக வாங்கி, தேங்காய்மேல் திரும்ப வைத்தாள். பிறகு எழுந்து மதினிக்கு நேரே வந்து நின்றாள்.

"அத்தை, இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்மா."

"அவர் கை இன்னும் ஒரு ஜாண் மேல போயிருந்தா என் கதி என்ன?"

எத்தனையோ நாடகத்துக்குத் தீர்ப்புச் சொன்ன வாய், தப்புத்தான்மா என்ற ஒன்றைத்தான் சொன்னது, அதுவும் பாதியில் உடைந்தது. மோனிஷா மாலையைக் கழற்றி அவள் கையிலேயே கொடுத்துவிட்டு, தன் அம்மாவிடம் போய் உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகுதான் ஊர் வாயைத் திறந்தது. பெண்ணின் அப்பா நாற்காலியைத் தள்ளிவிட்டு மேடையில் ஏறினார். தாய்மாமன், மேளத்தை அடி, மேளத்தை அடி என்று கத்தினார். வேறு யாரோ நாதசுரக்காரரின் தோளைப் பிடித்து உலுக்கினார். மதினியின் மறு கை இன்னும் தவில்மேலேயே இருந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த என் காதிலும் விழுகிற மாதிரிச் சொன்னாள்.

"யாரும் அடிக்கக் கூடாது. கேக்கட்டும்."

சோமு விரலில் மாட்டியிருந்த கூடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மடியில் போட்டான். அவை இல்லாமல் தவிலை அடிக்க முடியாது. அப்போதும் அவன் கண்ணை எடுக்கவில்லை. மேளம் இனி வராது என்று தெரிந்ததும் எல்லோர் புத்தியும் ஒரே நேரத்தில் ஆம்பிளிஃபயருக்குப் போனது. அதை அணையுங்கப்பா, வாசலில் நாலு பேர் நிற்கிறார்கள், ரோட்டுக்கெல்லாம் கேட்கிறது, மானம் போகிறது என்று தென்னரசின் அப்பாவிலிருந்து சமையல்காரர் வரைக்கும் சொன்னார்கள். ஆனால் எந்தத் திருகை எப்படித் திருப்புவது என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது, மாப்பிள்ளையைத் தவிர.

தென்னரசு மணையிலிருந்து எழுந்தான். கூட்டம் வழி விட்டது. நல்ல பிள்ளை, சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளை, அணைத்துவிடுவான் என்று எங்களுக்கு மூச்சு வந்தது. அவன் சோமுவைப் பார்த்தபடியே பக்கவாட்டில் நடந்து, பார்த்தபடியே குனிந்து, கைப்பழக்கத்தில் திருகைத் தேடிப் பிடித்து, சத்தத்தைக் கூட்டினான். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டதாக அப்புறம் சொன்னார்கள்.